ஒட்டுண்ணி இல்லாத ஏரி

பறவை ரத்த ஆய்வு நிலையம் பதினோரு வருடங்களாக ஏரிப் பறவைகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணியைத் தேடிக்கொண்டிருந்தது. நாலாயிரத்துச் சொச்சம் பறவைகளை வலைபோட்டுப் பிடித்து, இறக்கைக்கு அடியில் ஓடும் நரம்பில் ஒரு சொட்டு எடுத்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டிப் பறக்கவிட்டிருந்தது. ஒன்றிலாவது ஒட்டுண்ணி கிடைத்ததா என்றால் இல்லை. மற்ற இடங்களில் தேடிய பொருள் கிடைக்காவிட்டால் தேடியவனைத் திட்டுவார்கள். இங்கே வாசலில் பலகை வைத்தார்கள்: ‘ஒட்டுண்ணி இல்லாத ஏரி. பதினோராம் ஆண்டு.’ பத்தை அழித்துப் பதினொன்று எழுதுவதற்கென்றே ஓர் ஓவியர் வருடத்துக்கு ஒரு முறை வந்துபோனார்.

இந்த நல்ல பேருக்கு நடுவில்தான் ஸ்லைடக்கா மாற்றலாகி வந்து சேர்ந்தாள். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஓர் அரசு மருத்துவமனையின் காய்ச்சல் பிரிவில் கண்ணாடி ஸ்லைடில் ரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்த்தவள். டாக்டர் முதல் வார்டைக் கூட்டுகிறவர் வரை எல்லாரும் ஸ்லைடக்கா என்றே கூப்பிட்டதால் அவளுடைய சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. அங்கே விரலில் குத்தியதிலிருந்து அரை மணி நேரத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது கண் தானாகவே வேகமெடுக்கும். அந்தக் கண்ணோடுதான் இங்கே வந்தாள்.

முதல் நாள் முதல் ஸ்லைடை வைத்துக் குனிந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிவப்பணு ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பாக ஒரு புள்ளி. மனித ரத்தத்தில் சிவப்பணுவுக்குள் புள்ளி தெரிந்தால் அது வந்தேறிதான். இந்தக் கணக்குப்படி ஏரியில் உள்ள எல்லாப் பறவைகளும் நேற்றே செத்திருக்க வேண்டும். ஜன்னல் வழியே பார்த்தாள். அவை வழக்கம்போல மீன் பிடித்துக்கொண்டிருந்தன. பிறகு அலமாரியில் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துத் தாள் ஒட்டிக்கிடந்த பக்கங்களைப் பிரித்துப் படித்தாள். பறவைகளின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு, அந்தப் புள்ளி பறவையின் சொந்தச் சொத்து என்று போட்டிருந்தது. தன் அறியாமையை நினைத்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். மூன்றாம் நாள், அந்த உட்கருவைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்த நிஜமான ஆசாமியைப் பார்த்துவிட்டாள். உடம்பெல்லாம் கறுப்புப் பொடி தூவிய மாதிரி. ஒரு வாரத்தில் இருபது பறவைகளில் ஒன்பதில் அது இருந்தது.

முடிவைத் தாளில் எழுதித் தலைமை எழுத்தரிடம் கொண்டுபோனாள். தலைமை எழுத்தர் அந்த நிலையத்தின் ஞாபகம், பூட்டு, சாவி மூன்றும் தானே என்று இருப்பவர். தாளைப் பார்த்ததும், சாப்பாட்டில் கல் கடித்தவர் போல முகத்தைச் சுளித்தார். ‘இல்லை’ என்றால் பச்சைத் தாள், ஒரு கையெழுத்து. ‘உண்டு’ என்றால் ரோஸ் தாள், ஏழு கையெழுத்து. அதுவும், அதே பறவையை இரண்டாம் முறை பிடித்து, அதே இறக்கையில் ரத்தம் எடுத்து, உறுதிப்பாட்டுக் குழு பார்த்த பிறகு.

“இல்லன்னு சொல்றதுக்கு ஒண்ணு, உண்டுன்னு சொல்றதுக்கு ஏழா சார்?” என்று கேட்டாள்.

“இல்லன்னா யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லம்மா. உண்டுன்னா யாராவது பொறுப்பெடுக்கணும். ஒரு ஆள் தாங்குவாரா அதை?” என்றார் தலைமை எழுத்தர்.

குழுவில் இருந்தவர்கள் கட்டடப் பொறியாளர், சட்ட ஆலோசகர், தோட்டக் கண்காணிப்பாளர், நூலகர் ஆகியோரும் இன்னும் மூன்று பேரும். முகம் மழிக்கும்போது பார்த்ததைத் தவிர வேறு ரத்தம் பார்த்தவர்கள் அதில் ஒருவரும் இல்லை. ரோஸ் தாள் ஐந்நூறு அச்சடித்து வந்திருந்தது. கட்டுப் பிரிக்காமல் அது தலைமை எழுத்தருடைய மேசையின் ஆடும் காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

ஸ்லைடக்கா வம்புக்குப் போகிறவள் அல்ல. ஊரோடு ஒத்து வாழ் என்று பச்சைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். ஆனால் நிலையத்தின் பின்பக்கம் முப்பத்தோரு வாத்துகள் இருந்தன.

கொசுவே இல்லாத ஏதோ குளிர்மலையிலிருந்து முட்டையாக வந்த அபூர்வ வாத்துகள் அவை. கொசுவலை போட்ட பெரிய கூண்டுக்குள் விளக்குச் சூட்டில் குஞ்சு பொரிக்கவைத்து, தீனி ஊட்டி வளர்த்தவர் அங்கே வேலைசெய்த தீனிக்காரர். ஒவ்வொன்றையும் நடையைவைத்தே அடையாளம் சொல்வார். இன்னும் ஆறு வாரத்தில் ஒரு விழா. வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வருவார், இயக்குநருக்கு ‘நலமிகு நீர்நிலை’ விருது கிடைக்கும், வாத்துகளை ஏரியில் விடுவார்கள். தீனிக்காரருக்கு அதில் பெருமைதான். இருந்தாலும் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பனைப்போல, போகிற இடம் எப்படி என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்.

“தங்கச்சி, நீங்க ரத்தம் பார்க்குறவங்க. ஏரில ஒண்ணும் இல்லதானே?” என்று ஒருநாள் கேட்டார்.

அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஏரிப் பறவைகளில் கிட்டத்தட்டப் பாதிக்கு ஒட்டுண்ணி இருக்கிறது, அவை தலைமுறை தலைமுறையாக அதோடு பழகிவிட்டன, கொசு கடித்தால் அது வாத்துகளுக்கும் வரும், இவற்றின் உடம்புக்கு அதோடு சண்டைபோடத் தெரியாது என்று சொன்னாள். தீனி வாளியை அவர் கீழே வைத்தார்.

“எத்தனை தங்கும்?”

“ஒண்ணு ரெண்டு தங்கலாம்ண்ணே.”

அவர் வாளியை எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் போனார். முப்பத்தொன்றும் அவர் காலைச் சுற்றி வந்தன. அன்றைக்குத்தான் ஸ்லைடக்கா ரோஸ் தாள் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தாள்.

மேசை ஆடிப்போகும் என்று தலைமை எழுத்தர் முதலில் மறுத்தார். பிறகு காலுக்கடியில் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஒரு தாளை உருவித் தந்தார். அடுத்து, ஒட்டுண்ணி இருந்த பறவைகளில் ஒன்றான வளைய எண் 4071 கொண்ட கொக்கை மறுபடி பிடிக்க வேண்டும். பத்து நாள் வலை விரித்தார்கள். கொக்குக்கு முதல் அனுபவம் போதுமானதாக இருந்தது. அது வரவில்லை. சட்ட ஆலோசகர் யோசித்து, இயற்கை நீதியின்படி கொக்குக்கு ஒரு வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்றார். ஏரிக்கரை மரத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ‘வளைய எண் 4071 உடைய கொக்கு பதினைந்து நாட்களுக்குள் அலுவலக நேரத்தில் நேரில் முன்னிலையாக வேண்டும். தவறினால் அதற்கு ஒட்டுண்ணி இல்லை என்று கருதி முடிவு செய்யப்படும்.’

ஸ்லைடக்கா இதை வீட்டில் சொன்னபோது அவள் கணவன் சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தான். பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எதையும் திறக்க ஒரு வழி இருக்கும் என்று நம்புகிறவன்.

“கொக்குக்குப் படிக்கத் தெரியுமா?”

“அதைப் பத்தி விதியில ஒண்ணும் போடலயாம்.”

பேசாமல் பச்சைத் தாளில் போட்டுவிட்டு வரச்சொன்னான். இந்த வயதில் இன்னொரு மாற்றல் வந்தால் அவள் எங்கே போய் அலைவாள் என்றான். கை கழுவிவிட்டு வந்தவன், அந்த முப்பத்தொன்றுக்கும் பேர் வைத்திருக்கிறார்களா என்று கேட்டான். தீனிக்காரர் வைத்திருக்கிறார் என்று அவள் சொன்னாள். மறுநாள் காலையில், உனக்குச் சரியென்று பட்டதைச் செய் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான்.

பதினைந்தாம் நாள் மரத்தில் போய்ப் பார்த்தபோது அறிவிப்பின் மேல் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தது. தலைமை எழுத்தர் அதைக் கவனமாகப் பிரித்தெடுத்து, ‘பெறப்பட்டதற்கான ஒப்புதல்’ என்று எழுதிக் கோப்பில் வைத்தார். அறிவிப்பு கிடைத்தும் கொக்கு வராததால் அதன் மீதான ஐயம் நீங்கியது.

ஆனாலும் ஸ்லைடக்கா விடவில்லை. இருபத்து மூன்று ஸ்லைடுகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு இயக்குநர் அறை வாசலில் தினமும் போய் நின்றாள். செவிடன் காதில் சங்கு ஊதினாலும் பத்து நாள் ஊதினால் எரிச்சலாவது வரும். குழு கூடியது. நுண்ணோக்கியை மேசை நடுவில் வைத்து, ஒவ்வொருவராக எழுந்துவந்து குனிந்து பார்த்தார்கள். தோட்டக் கண்காணிப்பாளருக்கு ஒரு கண்ணை மட்டும் மூடும் வழக்கம் இல்லை. இரண்டையும் மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, தனக்கு எதுவும் தென்படவில்லை என்றார். அது குறித்துக்கொள்ளப்பட்டது.

எல்லா அணுவிலும் புள்ளி இருக்கிறதே என்றார் பொறியாளர். ஸ்லைடக்கா பொறுமையாக விளக்கினாள்.

“நடுவுல இருக்கறது உட்கரு சார். அது வீட்டுக்காரன். அவனை ஒட்டிச் சுருண்டு கிடக்கு பாருங்க, அவன்தான் ஒண்ட வந்தவன்.”

சட்ட ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வீட்டுக்காரன் புகார் ஏதாவது கொடுத்திருக்கானா? கொடுக்கலன்னா இது குடித்தனமாவும் இருக்கலாம்ல?”

எல்லாரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி அவர் எதுவும் சொல்வதில்லை. அடுத்த வாரம் விழாவில் பேசவேண்டிய உரையின் ஒத்திகை போலவே பேசினார்.

“நோய் இல்லாம இருக்கறது ஒரு சாதனையே இல்ல. அது தானா அமையும். நோயைப் பார்க்காம இருக்கறதுதான் சாதனை. அதுக்குக் கட்டுப்பாடு வேணும், ஒற்றுமை வேணும். பதினோரு வருஷம் நாம கண்ணும் கருத்துமா அதைக் காப்பாத்தியிருக்கோம். நேத்து வந்தவங்க ஒருத்தங்க பார்த்துட்டாங்கங்கறதுக்காக அதைக் கெடுத்துக்க முடியாது.”

ரோஸ் தாள் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. அத்தோடு ஓர் உத்தரவும் வந்தது. விழா மண்டபத்தில் நுண்ணோக்கியைப் பெரிய திரையோடு இணைத்து, ‘நலமான ஏரிப் பறவையின் ரத்தம்’ என்று ஒரு ஸ்லைடு காட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் பயப்படாமல் இருக்க, அதில் நடுப்புள்ளிகூட இருக்கக் கூடாது. அப்படி ஒரு பறவை உலகத்திலேயே இல்லை என்று அவள் சொன்னாள். அப்படியானால் புள்ளியில்லாத ரத்தம் யாருக்குத்தான் இருக்கிறது என்று இயக்குநர் கேட்டார். மனுஷங்களுக்கு என்றாள், சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போதே தோன்றியது.

தலைமை எழுத்தர் உடனே தன் விரலை நீட்டினார். இயக்குநர் அதை மேலும் கீழும் பார்த்தார். மதிப்பீட்டாளர் பார்க்கப்போகிற திரையில் எழுத்தர் நிலை ரத்தத்தை எப்படிக் காட்டுவது? கடைசியில் நிலையத்தின் கௌரவத்துக்கு ஏற்ற ரத்தம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விழாவன்று காலை இயக்குநரே ஆய்வறைக்கு வந்து இடது மோதிர விரலைக் கொடுத்தார். போர்வை போர்த்தியிருந்தார். இரண்டு வாரம் முன்பு ஒரு காட்டு மாளிகையில் ‘ஒட்டுண்ணியற்ற எதிர்காலம்’ என்ற கருத்தரங்குக்குப் போய்வந்தாராம். அங்கே மரத்தடியில் மாலை முழுக்க விவாதம் நடந்ததாம். அந்த அலைச்சலில் மூன்று நாளாக உடம்பு சரியில்லை, மற்றபடி ஒன்றுமில்லை என்றார். ஸ்லைடில் ‘வளைய எண் 4112’ என்று எழுதச் சொல்லிவிட்டு, விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போனார்.

அவள் ரத்தத்தை ஸ்லைடில் மெல்லிதாகப் பூசி, காயவைத்து, சாயம் ஊற்றி, கழுவி, குனிந்து பார்த்தாள்.  புள்ளியில்லாத அழகான சிவப்பணுக்கள். அவற்றில் ஏகப்பட்டவற்றுக்குள் கல் வைத்த மோதிரம் போல மெல்லிய வளையங்கள். சிலவற்றில் இரண்டு. இருபத்திரண்டு வருடம் பார்த்த உருவம் அது. மூளைக்கு ஏறுகிற மலேரியா. ஜன்னலுக்கு வெளியே இப்படி ரத்தத்தோடு நின்றவர்களில் யார் பிழைத்தார்கள், யாரைத் தாமதமாகக் கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. ஆறு வாரக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஸ்லைடைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் மண்டபத்துக்கு ஓடினாள்.

இயக்குநர் மேடையருகில் உரையைப் புரட்டிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

“சார், உங்க ஸ்லைடுல ஒட்டுண்ணி இருக்கு.”

“எத்தனை கையெழுத்து ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல சார், ஆனா அது...”

“அப்ப இல்ல,” என்று சொல்லிவிட்டு அவர் வாசலை நோக்கி நடந்தார். பதினோரு வருடப் பழக்கம் அவரைவிட வேகமானது. வெளியே மதிப்பீட்டாளரின் கார் வந்துவிட்டது. தலைமை எழுத்தர் ஸ்லைடை அவள் கையிலிருந்து வாங்கிப்போய்த் திரையில் ஏற்றினார்.

மதிப்பீட்டாளர் வெள்ளைத் தலை, தடித்த கண்ணாடி, கையில் ஒரு பழைய பை என்று இருந்த ஒரு அம்மா. வரவேற்புரையைக் கேட்கவில்லை. இயக்குநர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் நுண்ணோக்கியில் குனிந்தார். 

“எந்தப் பறவை இது?”

ஏரிப் பறவை, எண் 4112, நல்ல ஆரோக்கியம் என்றார் இயக்குநர்.

“உட்கருவையே காணோமே.”

“அதுதான் மேடம் எங்க சாதனை,” என்று இயக்குநர் நிமிர்ந்தார். “ஆரம்பத்துல எல்லாத்துலயும் புள்ளி இருந்துச்சு. விடாமுயற்சியால ஒண்ணுகூட இல்லாம ஆக்கிட்டோம்.”

குழுவின் ஏழு பேரும் கைதட்டினார்கள். மதிப்பீட்டாளர் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்து இயக்குநரின் முகத்தைப் பார்த்தார். வியர்வையைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். விரலில் இருந்த பிளாஸ்டரைச் சற்று அதிக நேரம் பார்த்தார்.

“இந்தப் பறவைக்கு மலேரியா. மூளைக்கு ஏறுற வகை. இன்னிக்கே மருந்து உள்ள போகலன்னா ரெண்டு மூணு நாள்ல ஆள் இருக்காது. பறவை எங்க?”

இயக்குநரின் வலது கை மெல்ல வந்து இடது விரலைப் பிடித்துக்கொண்டது. மண்டபத்தில் அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். அது என் ரத்தம் என்றால் பதவி போகும். பறவையின் ரத்தம் என்றால் பலகை போகும், விருது போகும், ஆனால் நாற்காலி நிற்கும். 

“பறந்துபோயிடுச்சு மேடம்,” என்றார்.

மதிப்பீட்டாளர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நோயுள்ள பறவை ஏரியில் திரிவதாக இயக்குநரே ஒப்புக்கொண்டிருப்பதால், அங்கே ஒரு வாத்தைக்கூட விடக்கூடாது, எல்லா ஸ்லைடுகளையும் மறுபடி பார்த்தாக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். எல்லாம் ஒரே கையெழுத்து. பிறகு இங்கே ரத்தம் பார்ப்பது யார் என்று கேட்டு, ஸ்லைடக்காவின் பெட்டியை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். அவளுடைய இருபத்து மூன்று உண்மைகள் ஆறு வாரமாகச் செய்ய முடியாததை இயக்குநரின் ஒரு பொய் ஒரே நொடியில் செய்து முடித்திருந்தது. கூண்டருகில் செய்தி கேட்ட தீனிக்காரர் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வாத்துகள் அவர் சட்டைப் பையில் தீனி இருக்கிறதா என்று தேடின.

கார்கள் எல்லாம் போனபின் ஆய்வறைக் கதவு திறந்தது. இயக்குநர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். போர்வைக்குள் பற்கள் தந்தியடித்தன. இந்த ஆளைத் தனியாகப் பார்க்கும்போது சொல்லவேண்டும் என்று அவள் எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் பாவமாகத்தான் இருந்தது.

“அந்தப் பறவைக்கு,” என்று அவர் தரையைப் பார்த்துக் கேட்டார், “என்ன மருந்து கொடுக்கணும்?”

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். தன் பழைய ஆஸ்பத்திரி இருபது நிமிட தூரம்தான், காய்ச்சல் பிரிவில் இப்போதும் ஆள் இருப்பார்கள், தானே கூட வருவதாகச் சொன்னாள். அவர் இடத்தைவிட்டு நகரவில்லை. அங்கே பேர் எழுதுவார்களா என்று கேட்டார். எழுதுவார்கள் என்றாள். தேதியும் போடுவார்களா? போடுவார்கள். 4112 என்று மட்டும் எழுதி மருந்து வாங்க முடியாதா என்று கேட்டார்.

“அங்க பறவைக்கு வைத்தியம் பார்க்க மாட்டாங்க சார். மனுஷனா வந்தாத்தான் பார்ப்பாங்க.”

இயக்குநர் நடுங்கிக்கொண்டே யோசித்தார்.